வாரத்துக்கு வந்த செவலைக் கோழி

குழாயடியில் ஒரு கோழி நின்றுகொண்டிருந்தது.

கோழிகள் நிற்பதில்லை என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாக உணர்ந்தேன். அவை நடக்கும், கிளறும், ஓடும், காரணமின்றித் திடுக்கிடும், வெறுமனே நிற்பதில்லை. இதுவோ இறகுகளை உப்பவைத்து, கழுத்தை உள்ளிழுத்து, இமைகளைப் பாதி மூடியபடி, நீண்டுவிட்ட சொற்பொழிவில் முன்வரிசையில் அகப்பட்டுக்கொண்டவரைப் போல நின்றது.

என் இடுப்பில் குடம். எனக்குப் பின்னால் இரண்டு குடங்களோடு இருளாயி அக்காள்.

"என்னா டீச்சர், ஒங்க கோழி தூங்குது?"

"ராத்திரி சரியாத் தூங்கலையோ என்னமோக்கா."

"கோழி பகல்ல தூங்குனா அது கெளம்பிருச்சுன்னு அர்த்தம். இன்னைக்கே குழம்பு வச்சிருங்க. நாளைக்குன்னா ருசி இருக்காது."

இதை அவர் கொடுமையாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது, கொடியில் கிடக்கும் துணியை எடுங்கள் என்று சொல்வதைப் போல, பக்கத்து வீட்டார்க்குரிய அக்கறையோடு சொன்னார்.

குடத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கோழியைத் தூக்கிக்கொண்டேன். கோழி என்னுடையதாக இருந்திருந்தால் முதலில் குடத்தை நிரப்பியிருப்பேன்.

கோழி வந்த வழி

அப்போது நாங்கள் ஆரப்பாளையத்தில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். ஒரு முற்றம், அதைச் சுற்றி ஐந்து வீடுகள், ஐந்துக்கும் பொதுவாக ஒரு குழாய். எங்கள் எதிர்வீடு இருளாயி அக்காளுடையது. அவர் பூக்கட்டி விற்பவர். விடிவதற்கு முன்பே மல்லிகை மொட்டுகளை முறத்தில் கொட்டிக்கொண்டு முற்றத்தில் அமர்ந்துவிடுவார். வாழைநாரில் அவர் விரல்கள் மொட்டுகளைப் பிணைக்கும் வேகத்தைப் பார்த்தால், பூக்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கின்றனவோ என்று தோன்றும்.

காம்பவுண்டின் வாயிற்கதவை ஒட்டி நைனார் பாயின் தையற்கடை. வீடு கோரிப்பாளையத்தில். நாள்தோறும் காலையில் மிதிவண்டியில் ஆற்றுப்பாலத்தைக் கடந்து வந்து கடை திறப்பார். சொன்ன நாளில் துணி தந்ததாக அவர்மேல் யாரும் குற்றம் சாட்டியதில்லை.

நான் அருகிலிருந்த உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. என் கணவர் பஞ்சாலையில் மேற்பார்வையாளர். அவருடைய ஊர் வாடிப்பட்டி; வயலும் கிணறும் மாடும் உள்ள குடும்பம். என் தந்தையார் வீட்டிலோ புத்தகங்களும், அவற்றை நம்பி வாழ்ந்த கறையான்களும் தவிர வேறு எவையும் வளர்ந்ததில்லை.

இதனால் புகுந்த வீட்டில் எனக்கு ஒரு குறை ஏற்பட்டது. குறை என்றால், யாரும் என்னைக் குறை சொல்லவில்லை என்பதே குறை. என் கணவரின் தமக்கையார், அதாவது என் மதினி, அந்த வீட்டின் ஆட்சியாளர். நாற்றுக் கட்டைத் தூக்கப் போனால், "நீ உக்காருத்தா, படிச்ச புள்ள" என்பார். தொழுவத்தின் பக்கம் போனால், "மாடு மெரளும், நீ உக்காருத்தா" என்பார். மொட்டை மாடியில் காயும் மிளகாய்க்குக் காக்கை விரட்டும் பணியைக்கூட எனக்குத் தரவில்லை. திருமணமாகி ஓராண்டுக் காலம், ஒவ்வொரு முறை வாடிப்பட்டிக்குச் சென்றபோதும், விருந்தாளியைப் போல ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் மதினி பேருந்தில் வந்து இறங்கினார். கையில் ஒயர்க் கூடை. கூடைக்குள்ளிருந்து ஒரு செந்நிறத் தலை ஆரப்பாளையத்தை எட்டிப் பார்த்தது.

"இந்தாத்தா. வாரத்துக்கு விடுறேன். வளத்துக் காட்டு."

வாரம் என்பது இங்கே கிழமைக் கணக்கன்று. ஒருவர் தம் ஆட்டையோ கோழியையோ மற்றொருவரிடம் வளர்க்க விடுவார். தாய் உரிமையாளருக்கே சொந்தம். ஈனும் குட்டியிலும் பொரிக்கும் குஞ்சிலும் வளர்ப்பவருக்குப் பாதி. எங்கள் பக்கத்தில் நம்பிக்கையுள்ளவர்களிடம்தான் அவ்வாறு விடுவார்கள்.

நம்பிக்கையுள்ளவர்கள்! அந்தச் சொல்லை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

புறப்படும்போது மதினி திரும்பி நின்று ஒரு விதியையும் சொன்னார்.

"வாரத்து ஆடு செத்தாத் தோலைக் காட்டணும். வாரத்துக் கோழி செத்தா ரெண்டு காலையும் காட்டணும். காட்டலைன்னா, ஆக்கித் தின்னுட்டாகன்னு அர்த்தம். தெரிஞ்சுக்க."

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்கவில்லை.

ஆகவே, குழாயடியில் செவலை கண்மூடி நின்ற அந்தப் புதன்கிழமை என் நிலை இதுதான்: கோழி இறந்தால் நான் வளர்க்கத் தெரியாதவள், அது இறக்குமுன் அறுத்தால் நான் தின்றுவிட்டவள். போதாக்குறைக்கு அன்று பகலிலேயே அஞ்சலட்டை ஒன்று வந்து சேர்ந்தது. மதினி யாரையோ கொண்டு எழுதுவித்தது.

"ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கோழியைப் பார்க்க வேண்டும். தம்பி சுகமா?"

கைக்குக் கை மருந்து

நோயறியும் கலையில் எங்கள் காம்பவுண்டு பின்தங்கியதன்று.

இருளாயி அக்காள் செவலையைத் தூக்கி, வாலை விலக்கி, பின்புறத்தைப் பார்த்தார். "கழிச்சல் மாதிரி இருக்கு" என்றார். கழிச்சல் என்றால் தெருவையே துடைத்துச் செல்லும் கோழி நோய். அந்தச் சொல் கேட்டதும் காம்பவுண்டில் கோழி வைத்திருந்த மற்றவர்கள் தத்தம் கோழிகளை மடியில் அள்ளிக்கொண்டு கதவைச் சாத்தினர். சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் இடித்து, பழைய சோற்றோடு பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டைகள் மூன்றைச் செவலையின் வாயைத் திறந்து அக்காள் உள்ளே தள்ளினார்.

"நாளைக் காலையில கூவுதா இல்லையா பாருங்க."

"பெட்டைக் கோழி கூவாதேக்கா."

"கூவாட்டி என்ன, எந்திரிச்சு நிக்கும்ல!"

நின்றுகொண்டுதான் இருந்தது. அதுவே நோய்.

வியாழனன்று நைனார் பாய் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். செவலையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். நாடா தன்னிச்சையாகக் கைக்கு வந்தது. பின் அளக்க ஒன்றுமில்லை என்று உணர்ந்து மீண்டும் கழுத்துக்கே போயிற்று.

"நம்ம வீட்டுல கேட்டேன் டீச்சரம்மா. இது குளிரு. மிளகு, பூண்டு, வெத்தலையில மடிச்சு அனுப்பிருக்காக. முழுசா உள்ள போகணும்னு சொன்னாக."

முழுதாக உள்ளே போயிற்று.

என் பங்குக்கு நான் கற்றோர் வழியில் சென்றேன். தந்தையார் எனக்கு அளித்திருந்த பழைய மருத்துவ நூலொன்றை எடுத்துப் புரட்டினேன். யானைக்கு மதம் பிடித்தால் செய்ய வேண்டியவை அதில் விரிவாக இருந்தன. குதிரைக்கு மூன்று இயல்கள். பசுவுக்கு ஐந்து. கோழியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் என்று முன்னோர் விட்டுவிட்டனர் போலும். அரிசிக் கஞ்சியைச் சங்கில் ஊற்றிப் புகட்டினேன். அந்தச் சங்கு, என்றேனும் பிறக்கப்போகும் எங்கள் பிள்ளைக்கென்று என் தாயார் வாங்கி வைத்திருந்தது.

ஆலையிலிருந்து வந்த என் கணவர், செருப்பைக் கழற்றாமலேயே முற்றத்தைப் பார்த்தார்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"மசாலா அரைச்சு வைக்கவா?"

"ஒங்க அக்கா கோழிங்க!"

"எங்க அக்கா கோழின்னா மசாலா ஒட்டாதா? ரெண்டு காலை மட்டும் வெட்டிப் பத்திரமா வச்சுருவோம். அவ கேட்டது கால்தானே?"

அன்றிரவு நான் அவருக்குக் கத்தரிக்காய் மட்டும் சமைத்தேன்.

பல் இல்லாத விலங்கு

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புக்கு விண்ணப்பித்தேன். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. "கோழிக்கு உடல் நலமின்மையால்" என்றே எழுதினேன். தலைமையாசிரியர் என்னை அறைக்கு அழைத்தார்.

"கோழியாம்மா?"

"ஆமாங்கய்யா."

"ஒங்க கோழியா?"

"இல்லைங்கய்யா. வீட்டுக்காரரோட அக்கா வாரத்துக்கு விட்டது."

அவர் முகம் மாறியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாத்தனார் கோழியா! அதை மொதல்ல சொல்ல வேணாமா? அரைநாள் எதுக்கு, முழுநாளாப் போட்டுக்கங்க."

கால்நடை மருத்துவமனையை அங்கே எல்லோரும் மாட்டாஸ்பத்திரி என்பார்கள். பெயருக்கேற்ப அங்கே மாடுகளே இருந்தன. இருபுறமும் கொம்புகள், நடுவே ஒயர்க் கூடையோடு நான். ஒரு காங்கேயங்காளை என் சேலைத் தலைப்பை மென்று பார்த்துவிட்டுச் சுவை பிடிக்காமல் விட்டது.

பதிவேட்டின் முன் அமர்ந்திருந்த உதவியாளர் நிமிரவே இல்லை.

"பசுவா, எருமையா?"

"கோழி."

"எத்தனை பல்லு?"

"பல் இல்லைங்க."

"பல்லே இல்லையா? ரொம்பக் கெழடு போலயே. சினை புடிச்சிருக்கா?"

"ஐயா, இது கோழி."

நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார்.

"கோழிக்குக் கட்டம் இல்லையேம்மா. சரி, கன்னுக்குட்டின்னு போட்டுக்கிறேன். பேரு?"

செவலை என்றேன். கன்றுக்குட்டிக்கு நல்ல பெயர்தான் என்றார்.

மருத்துவர் இளைஞர், முழங்கை வரை ஈரம். கொட்டகையில் ஒரு பசு கன்று ஈன முடியாமல் கிடந்ததால் என்னிடம் நின்று பேச அவருக்கு நேரமில்லை. ஆயினும் எச்சத்தைப் பார்த்தார்; கண்ணைப் பார்த்தார். கழிச்சல் இல்லை என்றார். பிறகு நடந்துகொண்டே அவர் சொன்ன சில சொற்கள், மூன்று நாள் மருத்துவத்தில் நாங்கள் யாரும் எண்ணிப் பாராதவை.

"கழுத்துக்குக் கீழ தீனிப்பை இருக்கும். கோழி தின்னது மொதல்ல அங்கதான் சேரும். ராத்திரியில செரிச்சு எறங்கிரும். நாளைக்குக் காலையில, தீனி வைக்கிறதுக்கு முன்னால, தொட்டுப் பாருங்க. காலியா இருந்தா வேற நோய். நெறைஞ்சிருந்தா அடைப்பு. எண்ணெய் விட்டு நீவிப் பாருங்க. எறங்கலைன்னா எடுத்துட்டு வாங்க."

"இப்பவே பார்த்தா?"

"இப்பப் பார்த்து என்ன பண்ண? வழியில என்னென்ன குடுத்தீங்களோ!"

கூடையை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

காலையில் தொட்டது

சனிக்கிழமை விடிந்தவுடன் பஞ்சாரத்தைத் தூக்கினேன். (பஞ்சாரம் என்பது கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை.) செவலையை மடியில் வைத்துக் கழுத்தின் கீழே விரல் வைத்தேன்.

சப்பாத்திக்குப் பிசைந்த மாவுருண்டை போல, திண்ணென்று, என் கைப்பிடி அளவுக்கு ஒன்று இருந்தது. இரவெல்லாம் எதுவும் இறங்கவில்லை. அதன் மார்பெலும்போ சவரக்கத்தி போலத் துருத்தி நின்றது. தீனிப்பை நிறைய உணவை வைத்துக்கொண்டு கோழி பட்டினி கிடந்திருக்கிறது.

நல்லெண்ணெய் ஊற்றினேன். நீவினேன். கீழ்நோக்கி நீவினேன், பக்கவாட்டில் நீவினேன். என் மடியெல்லாம் எண்ணெய் ஆயிற்றே தவிர, உருண்டை அசையவில்லை. செவலையை எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். மருத்துவர் கிராமத்து முகாமுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார் என்றார் உதவியாளர். "கன்னுக்குட்டி எப்படி இருக்கு?" என்றும் கேட்டார்.

திரும்பி வந்தபோது செவலையின் தலை என் முழங்கையில் தொங்கிக் கிடந்தது. குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். கோழிக்காக அழுதேனா, நாளை வரவிருந்த மதினிக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்வது அப்போது இயலவில்லை. வாடிப்பட்டி வீட்டின் அந்த நாற்காலி கண்முன் வந்து நின்றது. ஆயுள் முழுவதும் நான் அதிலேயே உட்கார வேண்டியதுதான்.

இருளாயி அக்காள் பூக்கூடையை வைத்துவிட்டு என் அருகே குந்தினார். செவலையின் தீனிப்பையை அமுக்கிப் பார்த்தார்.

"அடைப்புன்னு மொதல்லயே சொல்லியிருந்தா எனக்குத் தெரியுமே டீச்சர்! எங்க ஊருல, மருந்தடிச்ச வயல்ல மேஞ்ச கோழிக்கு இப்படித்தான் பண்ணுவோம். பையை அறுத்து, உள்ள இருக்கறத எடுத்துட்டு, தச்சுவிட்டா, கோழி பாட்டுக்குப் போயிரும்."

"ஒங்களுக்குச் செய்யத் தெரியுமாக்கா?"

"அறுக்கத் தெரியும்."

"தைக்க?"

"தங்கச்சிதான் தைப்பா. அவ திருமங்கலத்துல இருக்கா."

நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் வாயிற்கதவைத் திரும்பிப் பார்த்தோம். தையற்பொறியின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

உள்துணியும் மேல்துணியும்

"கோழியவா?" என்றார் நைனார் பாய்.

"ஆமா பாய்."

"டீச்சரம்மா, நான் முப்பது வருசமாத் தைக்கிறேன். சட்டை தச்சிருக்கேன், தலகாணி ஒறை தச்சிருக்கேன், ரிக்சாவுக்கு மூடாப்புத் தச்சிருக்கேன். உசுரோட இருக்கறதத் தச்சதில்ல. தச்சுப் போட்டது அசைஞ்சா நான் பயந்துருவேன்."

"அசையாட்டித்தான் பாய் பயப்படணும்" என்றார் இருளாயி அக்காள்.

புதிய கல்வியாண்டுக்குப் பள்ளிகள் திறந்திருந்த காலம். கடை முழுவதும் நீலச் சீருடைத் துணி மலையாகக் கிடந்தது. அதைச் சாக்காகச் சொல்லி மறுக்கலாமா என்று பாய் ஒரு கணம் அந்த மலையைப் பார்த்தார். பின்பு செவலையைப் பார்த்தார். ஊசிப்பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

குழாயடிக் கல்லில் ஒரு பலகை. கொதிக்கவைத்த நீரில் ஊசியும் நூலும் புதிய சவர அலகும் கிடந்தன. மஞ்சள் கரைத்த கிண்ணம் ஒன்று. தலையை மூடினால் கோழி அமைதியாகும் என்று அக்காள் சொன்னதால், தைத்து முடிக்காத சீருடைச் சட்டையின் கை ஒன்றை பாய் கொண்டுவந்து செவலையின் தலைக்கு மாட்டினார். கால்களைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. கண்களை மூடிக்கொள்வதை நானே கூடுதலாக மேற்கொண்டேன்.

இரவுப் பணி முடித்துவிட்டு வந்த என் கணவர் நடுவில் நின்று கேட்டார்: "என்னா நூலு பாய்? நீலமா இருக்கு?"

"சீசனுக்கு நீலந்தான் இருக்கு தம்பி."

"செவலைக் கோழிக்கு நீலம் எடுப்பா இருக்காதே."

"வேணும்னா ரெண்டு நாள் கழிச்சு வாங்க, செவப்பு வாங்கி வைக்கிறேன்."

அக்காள் இறகுகளைப் பிடுங்கி, தோலில் விரல் நீளத்துக்குக் கீறினார். அடுத்துத் தீனிப்பை. இரத்தம் அதிகமில்லை என்று சொன்னார்கள். விளக்கெண்ணெயும் வெங்காயமும் கலந்து புளித்ததைப் போன்ற ஒரு நாற்றம் எழுந்தபோதுதான் கண்களைத் திறந்தேன்.

அக்காள் வெளியே எடுத்து எடுத்துப் பலகையில் வைத்துக்கொண்டிருந்தார். முதலில் என் கஞ்சி. அடுத்து, மடிப்புக் கலையாத வெற்றிலைச் சுருள். அதற்குள் மிளகும் பூண்டும், வைத்தது வைத்தபடி. "நம்ம வீட்டுல குடுத்து விட்டது" என்று பாய் மெல்லச் சொன்னார். அடுத்து வெங்காய உருண்டைகள், மூன்றும் முழுதாக. அக்காள் அவற்றை மறுபேச்சில்லாமல் சற்றுத் தள்ளி வைத்தார்.

அதற்கும் அடியிலிருந்து, சாயம் வெளுத்த மாத்திரைகள் நான்கு வந்தன.

"இதாரு குடுத்தது?" என்றார் அக்காள்.

நான் அவற்றை அடையாளம் கண்டுகொண்டேன். என் கணவருக்கென்று நான் வாங்கிய சத்து மாத்திரைகள். நாள்தோறும் காலையில் முற்றத்தில் நின்று வாய்கொப்பளித்தபடி, "போட்டாச்சு, போட்டாச்சு" என்பார்.

"கோழி எளைச்சிருந்துச்சு..." என்று தொடங்கினார் அவர்.

கோழி இளைப்பதற்கு முன்பே தொடங்கிய வழக்கமா அது, கோழியின் மீது கொண்ட அன்பா, மாத்திரையின் மீது கொண்ட வெறுப்பா என்பதை அவர் இன்றுவரை தெளிவுபடுத்தவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில், பை வயிற்றுக்கு இறங்கும் வாயை அடைத்துக்கொண்டு, கெட்டியாகத் திரண்ட பந்து ஒன்று இருந்தது. அக்காள் இழுத்தார். வந்தது, வந்துகொண்டே இருந்தது. வாழைநார். கத்தரித்துப் போட்ட துண்டு நார்கள், முடிச்சு முடிச்சாக. ஒவ்வொரு முடிச்சிலும் கருகிப்போன மல்லிகைக் காம்பு.

முற்றத்தில் வேறு யாரும் பூக்கட்டுவதில்லை.

"எந் நாரு" என்றார் இருளாயி அக்காள். சற்று நேரம் அதையே கையில் வைத்துப் பார்த்தார். பிறகு செவலையிடம் சினந்தார். "ஏண்டி, ஒனக்கு இங்க தீனிக்கா பஞ்சம்? பூ வேணும்னா தலையில வச்சுக்கிற வேண்டியதுதானே? திங்கவா செய்வாக?"

இனிப் பாயின் முறை. ஊசியைக் கையில் எடுத்து, "பிஸ்மில்லா" என்றார்.

அக்காள் பதறிவிட்டார். "பாய்! அறுக்கறதுக்கு இல்ல, தைக்கறதுக்கு!"

"தைக்கறதுக்கும் அதான்மா சொல்றது."

குனிந்து பார்த்தவர் உடனே தைக்கவில்லை. விரல் நுனியால் இரண்டு ஓரங்களையும் பிரித்துப் பார்த்தார். அதுவரை அவர் முகத்திலிருந்த அச்சம் மறைந்து, முப்பதாண்டுத் தொழில் வந்து அமர்ந்தது.

"இது ரெண்டு துணி டீச்சரம்மா. உள்ள லைனிங், வெளிய மேல்துணி. ரெண்டையும் சேத்துப் புடிச்சுத் தச்சா இழுக்கும், உள்ள ஒழுகும். லைனிங்கத் தனியா மூடிட்டு, அப்பறம் மேல்துணி. ஒங்க தங்கச்சி எப்படித் தைப்பாக?"

"தெரியலையே பாய். அவ தச்சதுல பாதிக் கோழி செத்துரும்" என்றார் அக்காள்.

உள்ளே ஆறு தையல், வெளியே ஏழு. கடைசி முடிச்சுப் போட்டதும், வழக்கப்படி நூலைப் பல்லால் கடிக்கக் குனிந்தார். பாதி வழியில் நினைவு வந்து, கத்தரிக்கோல் கேட்டார்.

சட்டைக் கையை உருவினோம். செவலை கிடந்தது. ஐந்து வீட்டாரும் முற்றத்துக்கு வந்து மூச்சுவிடாமல் நின்றார்கள். ஒரு கண் திறந்தது, மற்றொன்றும் திறந்தது. தள்ளாடி எழுந்து நின்று, உடலை ஒரு முறை உதறிக்கொண்டு, பாயின் கழுத்திலிருந்து தொங்கிய அளவு நாடாவை ஒரு கொத்துக் கொத்தியது.

"அசையுது!" என்று பாய் பின்னால் நகர்ந்தார்.

அன்று முழுவதும் சர்க்கரை கரைத்த தண்ணீர் மட்டும் கொடுத்தோம். மாலையில் இரண்டு சங்கு கேழ்வரகுக் கூழ், கட்டியில்லாமல் வடிகட்டியது. என் கணவர் மாத்திரையை எங்கள் அனைவர் முன்னிலையிலும் விழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை

மதினியின் குரல் எப்போதும் அவருக்கு முன்னால் வந்து சேரும்.

"கோழி எங்கத்தா?"

"காப்பி குடிச்சுட்டு..."

"காப்பி எங்கயும் ஓடிப்போகாது."

பஞ்சாரத்தைத் தூக்கினார். செவலை வெளியே வந்து இரண்டு எட்டு வைத்து நின்றது. நடையில் தெம்பில்லை. மதினி அதை அள்ளி எடுத்தார். அவர் கை நேராகக் கழுத்தின் கீழே போயிற்று. முதல் மூன்று நாள்களும் எங்களில் யாரும் தொடாத இடத்துக்கு, கண் பாராமலே போயிற்று. கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. இறகை விலக்கினார்.

"இதென்னா நீல நூலு?"

"அக்கா, அது வந்து..." என்றார் என் கணவர்.

"நீ வாயை மூடு. அவ சொல்லட்டும்."

நான் சொன்னேன். குழாயடியிலிருந்து தொடங்கி, வெங்காயம், வெற்றிலை, மாட்டாஸ்பத்திரி, எண்ணெய், சவர அலகு, ஊசி என ஒன்றையும் விடவில்லை. யார் அறுத்தார், யார் தைத்தார் என்பதையும் முறையாகச் சொன்னேன். மாத்திரைகளையும் சொன்னேன். கேட்காமல் அறுத்தது தவறு என்றும் சொன்னேன்.

மதினி தையலை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார்.

"செத்துருந்தா என்னாத்தா பண்ணியிருப்ப?"

"ரெண்டு காலையும் எடுத்து வச்சுக் காட்டியிருப்பேன் மதினி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு செவலை குலுங்கியது. பிறகு மதினி முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் கண்ணீர் வழிந்தது.

"ஆத்தி! அது ஆட்டுக்குச் சொல்ற பேச்சுத்தா! கோழிக்கால வச்சு நான் என்னத்தப் பண்ண? காதுல மாட்டவா? சும்மா ஒன்னைய மெரட்டுனேன்டி. நீ அத நெசம்னு நம்பியா இந்தப் பாடு பட்ட?"

நம்பித்தான் என்றேன்.

சாப்பிடும்போதும் கோழி அவர் மடியில்தான் இருந்தது. கை கழுவியதும் ஒயர்க் கூடையைக் கேட்டார்.

"கொண்டுபோறீங்களா மதினி?"

"அடுத்த ஞாயித்துக்கெழமை திருப்பிக் கொண்டாறேன். ஊருல நாலு பேருக்குக் காட்ட வேணாமா?"

வாடிப்பட்டிப் பேருந்தில் மதினிக்குச் சாளரத்தோர இடம் கிடைத்தது. வண்டி புறப்படவில்லை, நாங்கள் கீழே நின்றிருந்தோம். அதற்குள்ளாகவே அவர் செவலையைக் கூடையிலிருந்து எடுத்து, மடியில் மல்லாத்தி, இறகை ஒதுக்கி, பக்கத்தில் இருந்த பெண்ணுக்குத் தையலை எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வெளிய ஏழு. உள்ளயும் ஆறு இருக்கு, அது தெரியாது."

"யாத்தே! யாரு டாக்டரு?"

மதினி சாளரத்துக்கு வெளியே, என் பக்கம், கையை நீட்டினார்.

"டாக்டரு என்னா டாக்டரு. எங்க வீட்டுப் புள்ளதான். அந்தா நிக்கிறா பாருங்க, அவதான் அறுத்தா, அவதான் தச்சா."

அறுத்தவர் இருளாயி, தைத்தவர் நைனார் பாய்; நான் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். பிழையைக் கண்டால் திருத்தாமல் விடுவது என் வழக்கமன்று. கடைப் பலகையில் ஒற்றுப்பிழை இருந்தால்கூட உள்ளே சென்று சொல்லிவிட்டு வருபவள் நான். அதைச் சொல்ல வாய் திறந்தேன்.

நடத்துநர் விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. கூடவே இரண்டு எட்டு நடந்து சென்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு மெதுவாகத்தான் நகர்ந்தது.

நான் அங்கேயே நின்று கையசைத்தேன்.